சங்கிலி ஜெபத்தில் என் முறை

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், தையல் மிஷினை மிதித்துக்கொண்டே நாள்கணக்கில் மனப்பாடம் செய்தது, ஆனாலும் வாயைத் திறந்தால் எனக்கு வார்த்தை முன்பின்னாக வரும், ஆறாம் வகுப்போடு நின்றவள், மற்றவர்கள் ஜெபிப்பதைப் போல வசனத்தோடு வசனம் கோத்து வராது, நடுவில் வந்து, வந்து என்று இழுப்பேன், யாராவது ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்த ஒரு வாக்கியம் ஒழுங்காக வந்தால் போதும். ஆண்டவரே, எப்சிபா பிள்ளையின் முதுகில் பரவுகிற வெள்ளையை நீர்தாமே தொட்டு, கல்யாணத்துக்கு முன்னாலே சுகமாக்கும். அவ்வளவுதான். அதில் பொய் இல்லை, வசவு இல்லை. யார் கேட்டாலும் அது ஜெபம். ஜெபத்தில் ஒருத்தரும் குறுக்கே பேச முடியாது, பொய் சொல்லாதே என்று கையை நீட்ட முடியாது, எழுந்து போகவும் முடியாது, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று முனகத்தான் முடியும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவளே லில்லிபுஷ்பம் அக்காதான். இதோ என் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், அவளுடைய புதுச்சேலையின் மொடமொடப்பு என் முழங்கையில் உரசுகிறது. இது அவள் வீடு, வீட்டுக்காரி என்பதால் கடைசியாக ஜெபிக்கிறவள் அவள். அவளுக்கு முந்தி நான். எனக்கு முந்தி, வலப்பக்கத்தில், அவளுடைய மகள் எப்சிபாவுக்கு மாமியாராகப் போகிற தூத்துக்குடிக்கார அம்மாள். அந்த அம்மாளின் காது என் வாய்க்கு ஒரு முழத்தில் இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

கண்ணை மூடியாயிற்று, ஐயரம்மா தொடங்கிவிட்டார்கள். எங்கள் சபைப் போதகரான ஐயருடைய மனைவி, சின்ன வயசு, பட்டணத்தில் படித்தவர்கள், செவ்வாய்க்கிழமை பெண்கள் கூட்டத்தில் இந்தச் சங்கிலி ஜெபத்தை விடவே மாட்டார்கள். வட்டமாக உட்கார வேண்டும், ஒருத்தி முடித்ததும் அடுத்தவள் தொடங்க வேண்டும், சங்கிலி அறுந்துவிடக் கூடாது. உலக சமாதானத்துக்காகக் கேட்கிறார்கள் ஐயரம்மா, மழைக்காகக் கேட்கிறார்கள், மருத்துவமனையில் கிடக்கிறவர்களுக்காகக் கேட்கிறார்கள். மேலே காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டக்கென்று இடிக்கிறது. புதுச் சுண்ணாம்பு வாசனை, கல்யாணத்துக்காக அடித்தது, அதற்குள்ளிருந்து நெய்யில் வறுத்த ரவை வாசனை வருகிறது, கேசரி கிண்டியிருக்கிறாள், சம்பந்தியம்மா வந்திருக்கிறார்கள் அல்லவா, முந்திரி அள்ளிப் போட்டிருப்பாள். போடட்டும். என் வாக்கியத்துக்குப் பிறகு அந்தக் கேசரியை யார் தின்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தட்டு தட்டாக ஆறிக் கிடக்கும். தூத்துக்குடிக்காரி கையை உதறிவிட்டு எழுந்திருப்பாள், ஒரு அவசர வேலை என்பாள், அவளுக்குப் பின்னாலேயே லில்லிபுஷ்பம் வாசல்வரை ஓடுவாள், அம்மா அம்மா என்று ஓடுவாள், நான் அப்போதுதான் மெதுவாகக் கண்ணைத் திறப்பேன். அடுப்பை அணைத்தேனா. அணைத்தேன், அணைத்த பிறகு கையால் தொட்டும் பார்த்தேன், மகள் கெசியாவிடம் சொன்னேன், பசித்தால் காலையில் வைத்த இட்லி இருக்கு, அடுப்புப் பக்கம் போகாதே. அம்மா எனக்கு இருபத்தாறு வயசாவுது என்றாள். அவள் சொல்வதும் சரிதான். மாத்திரை போட ஆரம்பித்த பிறகு வலிப்பு வரவே இல்லை. ஆனாலும் நான் வீட்டைவிட்டு இறங்கினால் என் காது மட்டும் வீட்டிலேயே கிடக்கும், தொப்பென்று ஏதாவது விழுகிற சத்தத்துக்காக.

ரூத் டீச்சர் தொடங்கிவிட்டார்கள். இனி நேரமாகும், டீச்சர் ஆதாமிலிருந்து வருவார்கள். லில்லிபுஷ்பம் அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்த அன்றைக்கும் இப்படித்தான் வட்டம், லெந்து என்கிற தவக்கால நாட்கள், கோயிலுக்குப் பின்னாலிருக்கிற கூடத்தில். அதற்கு முந்தின நாள் என் சமையலறையில் உட்கார்ந்து இதே லில்லிபுஷ்பம் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தாள். கெசியாவைப் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தோம், நாசரேத் பக்கத்துப் பையன், பள்ளிக்கூடத்தில் வேலை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அவளிடம் சொன்னேன். அக்கா, இப்படிப் பிள்ளைக்கு ஒரு சுகவீனம் இருக்கு, டாக்டர் பயப்படாதீங்க என்கிறார், பையனிடம் பக்குவமாக நாங்களே சொல்லப் போகிறோம், நீங்கள் தனியாக ஜெபியுங்கள், உங்களுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். கீரைக் காம்பைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதாளே. மறுநாள் கூடத்தில் அவள் முறை வந்தது, பரம தகப்பனே என்று குரலை உயர்த்தினாள், அவளுக்கு நல்ல குரல், பாடகர் குழுவில் பாடுகிறவள், எங்கள் சகோதரி அன்னபாக்கியத்தின் மகள் கெசியாவை வாதிக்கிற வலிப்பு வியாதியை உம் கரத்தில் தருகிறோம், வாயில் நுரை தள்ளி விழுகிற அந்தப் பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை அமையக் கிருபை செய்யும். நுரை என்று நான் சொல்லவே இல்லை. நுரையை அவளாகச் சேர்த்தாள். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். பையனின் அத்தை அந்த வட்டத்தில் இருந்தாள், அவளும் ஸ்தோத்திரம் என்றாள். என் காது அடைத்துப்போயிற்று. கண்ணைத் திறந்து பார்த்தேன், ஜெபத்தில் கண்ணைத் திறந்தது அன்றைக்குத்தான், லில்லிபுஷ்பத்தின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, மெய்யான கண்ணீர், எனக்கு அதுதான் இன்றுவரை பிடிபடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆள் அனுப்பினார்கள், பையன் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறானாம். அடுத்த மாதம் அவனுக்கு எங்கள் கோயிலிலேயே கல்யாண ஓலை வாசித்து அறிவித்தார்கள், வேறு பெண்ணோடு. நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். கெசியாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

அவள் வீட்டு வாசலில் நின்று கேட்டேன், அக்கா நீங்கள் இப்படிச் செய்யலாமா. அவள் ஆச்சரியப்பட்டாள். நடிக்கவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஏட்டி, நான் ஜெபம்தானே பண்ணுனேன்? ஊரிலே போய்ப் புறணியா பேசுனேன்? ஜெபம் பண்ணுனது குத்தமாட்டி?" என்றாள். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு அதற்கு என்ன பதில் வரும்? ஆறு வகுப்புக்கு மேல் படித்தவர்களுக்கும் வந்திருக்காது. எல்லாம் ஆண்டவருடைய கிருபை, பிள்ளைக்கு வேறு இடம் வச்சிருப்பார் என்று சொல்லி உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டேன். ஏன் குடித்தேன். அவள் வாயில் கிருபை அப்படி வரும், உமிழ்நீர் மாதிரி. மாடி கட்டினால் கிருபை, மருமகன் அமைந்தால் கிருபை, தேங்காய் இளசாக இருந்தால் கிருபை. இன்றைக்கு ஐயரம்மாவும் அதைத்தான் பேசினார்கள், கிருபை என்பது தகுதியில்லாதவர்களுக்கு ஆண்டவர் சும்மா கொடுப்பது, சம்பாதிக்க முடியாதது, சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடுகிற நேரத்திலும் பஸ்ஸில் போகிற நேரத்திலும் அதுதான் நம்மைத் தாங்குகிறது என்று. நான் தலையாட்டிக்கொண்டே நினைத்தேன், அப்படியானால் தகுதி குறைந்தவருக்குக் கூடுதல், லில்லிபுஷ்பத்துக்கு மூட்டை மூட்டையாக. எனக்குக் கிருபை வேண்டாம் என்று சொல்லவில்லை. கெசியா ஒருதரம் எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் விழுந்தாள், சட்டி அந்தப் பக்கம் சரிந்தது, ஒரு பொட்டு அவள்மேல் தெறிக்கவில்லை, நான் தரையில் உட்கார்ந்து கிருபை கிருபை என்று அழுதேன், அது உண்மை, அந்தச் சொல்லை விட்டால் அதற்கு வேறு சொல் கிடையாது. அதே கையிலிருந்து அவளுக்கும் போகிறது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே குழாய்த் தண்ணீரை இரண்டு வீட்டுக்கும் விட்டிருக்கிறார். என் வீட்டுக்கு வருவதில் பாதி எனக்குக் கசந்துபோகிறது. ஆண்டவரே, நீர் அவளிடம் ஒருதரம் கணக்குக் கேட்டிருக்கலாம். ஒரு காய்ச்சல், ஒரு சறுக்கல், ஒன்றும் பெரிதாக வேண்டாம். நீர் கேட்கவில்லை. அதனால்தான் நான் கேட்கிறேன்.

டீச்சர் இப்போதுதான் மோசேக்கு வந்திருக்கிறார்கள். எப்சிபா பிள்ளை உள்ளே இருக்கிறாள், டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்குகிற சத்தம் கேட்கிறது, சத்தம் வராமல் அடுக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. ஊருக்கெல்லாம் நான்தான் பிளவுஸ் தைக்கிறேன், லில்லிபுஷ்பம் மட்டும் அன்றிலிருந்து டவுனில் கொடுக்கிறாள், ஆனால் எப்சிபா கல்யாணப் பிளவுஸ் துணியை எடுத்துக்கொண்டு தானாகவே வந்தாள், அம்மாவுக்குத் தெரியாது சித்தி என்றாள். அளவெடுக்கிற அறையில் கதவைச் சாத்தி, திரும்பி நின்று, போட்டிருந்த பிளவுஸைத் தோளிலிருந்து இறக்கிக் காட்டினாள். கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை எலும்பு ஓரமாக, என் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை, ஓரமெல்லாம் வளைந்து வளைந்து. "பின்கழுத்தை ஏத்தி வச்சுத் தைங்க சித்தி. டவுன்ல தைக்கிறவன்ட்ட இதைக் காட்ட முடியாது" என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குள் ஒன்று துள்ளியது, அதை மறைக்க மாட்டேன், பண்டிகைக்கு ஆட்டுக்கறி வந்த வீடு மாதிரி மனசுக்குள் ஒரு சந்தோஷம். அவ்வளவு காலம் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. வலிக்குதா என்று கேட்டேன். வலிக்காது சித்தி, ஒன்றுமே தெரியாது, ஒட்டவும் செய்யாது என்று டாக்டர் சொன்னார் என்றாள். பின்கழுத்தை ஏற்றி, நல்ல துணியாக உள்ளே மடித்துக் கொடுத்துத் தைத்தேன், ஒரு தையல் பிசகவில்லை. தைத்துக்கொண்டேதான் அந்த வாக்கியத்தையும் உண்டாக்கினேன். மூடுகிற கையும் திறக்கிற வாயும் ஒருத்திக்கே எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பெரிய கண் அந்தப் பிள்ளைக்கு. சின்ன வயசில் கெசியாவுக்கு முதன்முதல் வலிப்பு வந்தபோது ஓய்வுநாள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஓடிவிட்டார்கள், இது மட்டும் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, பசி மயக்கம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி மூடினேன். அதை இப்போது ஏன் நினைக்கிறேன். நினைக்கக் கூடாது. நான் பிள்ளையை ஒன்றும் செய்யவில்லை, அம்மாவைச் செய்கிறேன். அவளும் என்னை நேராகவா தொட்டாள், இல்லையே, என் பிள்ளை வழியாகத்தான் வந்தாள், ஒரு தாயிடம் போகிற வழி வேறு எது இருக்கிறது.

ரூத் டீச்சர் முடித்துவிட்டார்கள். அடுத்தவள் சுருக்கமாக, என் மருமகளுக்கு மனமாற்றத்தைக் கொடும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள், அந்த மருமகளும் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவள் தன் முறையில் என் அத்தைக்கு நாவடக்கத்தைக் கொடும் என்றாள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள், சிரிப்பை விழுங்குகிற கனைப்பு. சங்கிலி என் பக்கம் திரும்பிவிட்டது. நான் வாயைத் திறக்கிற அதே நேரத்தில் அங்கே கெசியா விழுந்தால். ஆண்டவர் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று ஐயரம்மா சொல்வார்கள், ஐயரம்மாவுக்குப் பிள்ளை இல்லை. ஆண்டவர் சேர்த்து வைத்துக் கேட்பவரோ என்னவோ. எனக்கு எண்ணெய்ச் சட்டி அந்தப் பக்கம் சரிந்தது, அடுத்த தரம் எந்தப் பக்கம் சரியும் என்று யாருக்குத் தெரியும். லில்லிபுஷ்பம் எனக்குப் பின்னால் ஜெபிக்க வேண்டியவள், அதையும் நான் யோசிக்கவில்லை, கடைசி வார்த்தை அவளுடையது, நான் முதுகைச் சொன்னால் அவள் நுரையைச் சொல்வாள். சொல்லட்டும், அது ஊருக்கே தெரிந்தது, பழைய நுரை. தூத்துக்குடிக்கார அம்மாள் தொடங்கிவிட்டாள். மெல்லிய குரல். ஆண்டவரே என் மகனுக்கு ஒரு நல்ல குடும்பத்தைக் காட்டினீரே என்கிறாள். நல்ல குடும்பம். பழுதில்லாத ஒரு பெண்பிள்ளையைக் காட்டினீரே, உமக்கு ஸ்தோத்திரம் என்கிறாள். பழுதில்லாத. என் உடம்பெல்லாம் சூடாகிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வா என்று கூப்பிட்டதைப் போல. இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது, இந்தச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டே நான் தொடங்கலாம்.

இடப்பக்கம் மூச்சு நின்றுவிட்டது. லில்லிபுஷ்பத்தின் மூச்சு. இதுவரை கேட்டுக்கொண்டிருந்ததால்தான் நின்றது தெரிகிறது. தெரிந்துவிட்டது அவளுக்கு, நான் இந்தப் பிள்ளைக்குத் தைத்தது தெரிந்துவிட்டது, பிளவுஸைப் பார்த்திருப்பாள், என் தையல் அவளுக்குத் தெரியாதா, பின்கழுத்தின் உயரத்தைப் பார்த்திருப்பாள். சேலை மொடமொடக்கிறது. ஒரு கை என் கைமேல் வந்து விழுகிறது. சில்லென்று, ஈரமாக, வளையலோடு. பிடிக்கிறது. ஜெப நேரத்தில் என்ன சொல்ல முடியும், பிடிக்க மட்டும் செய்கிறது, கிணற்றில் விழுந்தவள் கயிற்றைப் பிடிப்பது மாதிரி. ஆண்டவரே, என்ன ருசி. இந்தக் கை இப்படி நடுங்குவதை நான் எத்தனை நாள் கனவில் பார்த்திருக்கிறேன், கனவில்கூட இவ்வளவு குளிர்ச்சியாக இருந்ததில்லை. நடுங்கு. நன்றாக நடுங்கு. என் மகள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து ஓலை கேட்டபோது அவள் கை இப்படித்தான் என் கைக்குள் இருந்தது. தூத்துக்குடிக்கார அம்மாள் முடித்துவிட்டாள். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். காற்றாடி டக்கென்று இடிக்கிறது. என் முறை. எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள், வழக்கம்போல நான் இழுப்பேன் என்று பொறுமையாக இருக்கிறார்கள். வாயைத் திறந்தேன். ஆண்டவரே என்றேன். குரல் என்னுடையதாகவே இல்லை, தெளிவாக வருகிறது, இழுக்கவில்லை. எப்சிபா பிள்ளையின், என்றேன்.

உள்ளே டம்ளர் சத்தம் நின்றது. தன் பெயரைக் கேட்டுவிட்டாள். கையில் ஒரு டம்ளரோடு நிற்கிறாள், எனக்குக் கண்ணை மூடியே தெரிகிறது, அந்தப் பெரிய கண்ணோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு. லில்லிபுஷ்பத்தின் நகம் என் புறங்கையில் இறங்குகிறது. அடுத்த சொல் முதுகு. அது நாக்கின் நுனியில் இருக்கிறது, வெற்றிலைச் சக்கை மாதிரி, துப்பினால் போதும். கெசியா வீட்டில் என்ன செய்கிறாள், நடக்கிறாளா, நிற்கிறாளா, என் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை, இவ்வளவு நேரம் வீட்டில் கிடந்த காது இப்போது ஒன்றையும் கேட்கவில்லை. மன்னிக்க எனக்கு மனசு இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன் ஆண்டவரே, பிறகு நீர் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, இவளை நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றுகூட இல்லை. ஆனால் வாயைத் திறந்தாயிற்று, பெயரைச் சொல்லியாயிற்று, இனி மூடவும் முடியாது, மூடினால் என்ன விஷயம் என்று எல்லோரும் கேட்பார்கள், தூத்துக்குடிக்காரி கேட்பாள். ஏதாவது சொல்லியாக வேண்டும், எனக்குச் சொந்தமாகத் தொடுத்துச் சொல்ல வராது, தப்பில்லாமல் வருவது என்று எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வாய் தானாகச் சொல்வது. எப்சிபா பிள்ளையின் கல்யாணத்தை ஆசீர்வதியும் என்று அவசரமாக முடித்து, மூச்சுகூட விடாமல், எந்தக் கூட்டமும் கலைகிறபோது எல்லோரும் சேர்ந்து சொல்கிற அந்தக் கிருபை ஜெபத்தை உரக்கச் சொல்லத் தொடங்கிவிட்டேன், ஆண்டவருடைய கிருபையும் பிதாவின் அன்பும் என்று. ஐயரம்மா திடுக்கிட்டிருப்பார்கள், லில்லிபுஷ்பம் இன்னும் ஜெபிக்கவில்லையே. ஆனால் அதைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு வாய் சும்மா இருக்காது, வட்டம் முழுவதும் என்னோடு சேர்ந்துகொண்டது, டீச்சர், மாமியார், மருமகள், தூத்துக்குடிக்காரி, ஐயரம்மாவும் சேர்ந்துகொண்டார்கள், உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரலும் சேர்ந்துகொண்டது. கடைசியில் நம் அனைவரோடும் இருப்பதாக என்று வரும். அந்த இடத்தில் அவளை மட்டும் எடுத்துவிட்டுச் சொல்ல வழி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை, அனைவரோடும் என்றால் அனைவரோடும்தான். சொன்னேன். ஆமென். எல்லோரும் கண்ணைத் திறந்து சேலையைச் சரிசெய்தார்கள். சம்பந்தியம்மாவின் முன்னால் உருக்கமாகச் சொல்வதற்கு லில்லிபுஷ்பம் வைத்திருந்த ஜெபம் அவள் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது, அவள் என்னைப் பார்த்தாள், கண்ணில் நீர் நின்றது, கையை இன்னும் விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் கையை எடுத்துக்கொண்டேன். கேசரி வேண்டாம் என்று சொல்லி எழுந்தேன். கிருபை சொல்லி முடித்தாயிற்று, இனி இன்றைக்கு அங்கே யாரும் யாருக்காகவும் ஜெபிக்க முடியாது.